கண்மாய் வெட்டப் பணம் வந்தது, கணக்கெழுத வரவில்லை

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையை நடத்தி வருகிறேன். கண்மாய், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், ஊருணி இவற்றைச் சீர் செய்வதுதான் வேலை. இந்த வேலையில் என் கைக்காசு 4,80,000 ரூபாய் போயிருக்கிறது. அதில் ஒரு பகுதி இன்னும் நகையாக வங்கியில் அடகில் கிடக்கிறது. யாரும் ஏமாற்றிவிட்டு ஓடவில்லை, வேலையும் ஒழுங்காகத்தான் நடந்தது. பணம் தருகிறவர்கள் எதற்குத் தருவார்கள், எதற்குத் தர மாட்டார்கள் என்று யாராவது முன்பே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி தப்பியிருக்கும். இப்போது ஊருக்கு ஊர் இளைஞர்கள் கண்மாய் வேலையில் இறங்குகிறார்கள். என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் "ஒரு கண்மாய்க்கு எவ்வளவு ஆகும்?" என்றே ஆரம்பிக்கிறார்கள். மண் அள்ளுகிற செலவை எந்த ஒப்பந்தக்காரரும் சொல்லிவிடுவார். அதைச் சுற்றி ஆகிற செலவைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2018-இல் பருவமழை ஏமாற்றியது. 2019 கோடையில் எங்கள் கண்மாயில் மாடு குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். வாட்ஸ்அப் குழுவில் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஜேசிபி பிடித்தோம். உற்சாகமான நாட்கள் அவை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வெளியூரில் இருந்தவர்கள் அனுப்பிய பணம் முழுவதும் எங்களில் ஒருவரின் சொந்தக் கணக்கில்தான் விழுந்தது. சுமார் 3 லட்சம். அடுத்த வருடம் அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் போனபோது இதை என்னவென்று காட்டுவது என்று ஆடிட்டர் கேட்டார். அவர் வீட்டில் சண்டை. ஊரில் வேறு மாதிரிப் பேச்சு. பொதுக்காரியத்துக்கு ஒரு ரூபாய் வாங்குவதாக இருந்தாலும் தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்பது அங்கேதான் உறைத்தது. வங்கிக்காரர்களோ பதிவு செய்த பத்திரமும் பான் எண்ணும் இல்லாமல் கணக்குத் திறக்க மாட்டார்கள்.

2021 ஜனவரியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்தோம். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகவும் பதியலாம், கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவிலும் போகலாம். எங்களுக்கு ஆள் குறைவு, அதனால் அறக்கட்டளை. பத்திரம் எழுதுபவரிடம் ஒரு மாதிரி தயாராக இருக்கும். கல்வி, மருத்துவம், முதியோர் இல்லம், அன்னதானம் என்று உலகத்தில் உள்ள நல்ல காரியம் எல்லாம் அதில் நோக்கமாக அடுக்கியிருக்கும். அதை அப்படியே கையெழுத்துப் போட்டு வாங்கி வராதீர்கள். வருமான வரிச் சட்டம் தர்ம காரியம் எது என்று வரையறுக்கும் இடத்தில், நீர்ப்பிடிப்புப் பகுதிகள், காடுகள், வனவிலங்குகள் உட்படச் சுற்றுச்சூழலைப் பாதுகாப்பது என்று தனியாகவே ஒரு வகை வைத்திருக்கிறது. ஜிஎஸ்டி விலக்கிலும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். அது உங்கள் பத்திரத்தில் அச்சு அசலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பொதுப் பயன்பாடு என்ற இன்னொரு வகையில் தள்ளிவிடுவார்கள். அதில் வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வரிவிலக்கே ஆட்டம் காணும். இன்னொன்று, அறங்காவலர் விலகினால் யார் வருவார், காசோலையில் எத்தனை பேர் கையெழுத்து என்பதையும் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். எங்கள் ஐந்து பேரில் ஒருவர் சிங்கப்பூர் போனார், ஒருவர் கட்சியில் சேர்ந்தார், ஒருவர் வேலை மாற்றலில் ஓசூர் போனார், இன்னொருவர் சொல்லாமல் நின்றுகொண்டார். மிச்சம் நான். மாதக்கணக்கில் ஒரு காசோலை எழுதுவதற்கே அல்லாட வேண்டியிருந்தது.

அப்புறம் வருமான வரிப் பதிவு. நான் சொல்லும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் எண்களும் படிவங்களும் வேறு, சரிபார்த்துக்கொள்ளுங்கள். 12ஏபி, 80ஜி என்ற இரண்டும் வேண்டும். முதலாவது அறக்கட்டளையின் வரவுக்கு வரிவிலக்கு, இரண்டாவது நன்கொடையாளருக்கு வரிச்சலுகை. புதிதாகத் தொடங்கும் அறக்கட்டளைக்கு 10ஏ படிவத்தில் மூன்று வருடத்துக்குத் தற்காலிகப் பதிவு சட்டென்று கிடைத்துவிடும். கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இரண்டில் எது முந்தியதோ அதற்குள் 10ஏபி படிவத்தில் முறையான பதிவுக்குப் போட வேண்டும். எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்தவர் இதைச் சொல்லவே இல்லை. நாடு முழுக்க எங்களைப் போல் ஏகப்பட்ட பேர் தவறவிட்டதால்தானோ என்னவோ, கடைசித் தேதியை 2024 ஜூன் 30 வரை நீட்டினார்கள். அந்த நீட்டிப்பில்தான் தப்பித்தோம். அடுத்தவருக்கு அப்படி ஒரு நீட்டிப்பு கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

80ஜி இருந்தால் நன்கொடை கொட்டும் என்று நினைத்திருந்தேன். புதிய வரிமுறைக்கு மாறிய மாதச் சம்பளக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, அதனால் யாரும் அதற்காக அதிகமாகத் தருவதில்லை. ஆனால் அதற்கான எழுத்து வேலை உங்கள் தலையில்தான். ஒவ்வொரு நன்கொடையாளர் விவரமும் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் ஏற்ற வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்குச் சலுகை இல்லை. திருவிழாவில் உண்டியல் வைத்து வசூலித்தால் பெயர் தெரியாத நன்கொடையாகிவிடும். அது ஒரு லட்சம், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. உண்டியலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் ஒரு பையனும் இருந்தால் போதும், பெயரும் விலாசமும் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. செலவுப் பக்கமும் இதே கதை. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவையே கணக்கில் ஏற்க மாட்டார்கள். மண் வேலையில் டீசல், ஆபரேட்டர் படி என்று எல்லோரும் ரொக்கம்தான் கேட்பார்கள். முதல் நாளே பேசி, எல்லாவற்றையும் வங்கி வழியாக்கிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க்காரர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள், மனசும் பெரியது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால், இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது அந்நிய நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற அந்நிய நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருட அனுபவமும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு செய்த கணக்கும் கேட்பார்கள். எங்கள் ஊரில் பிறந்து மலேசியக் குடியுரிமை பெற்ற ஒரு பெரியவர் ஒரு லட்சம் அனுப்பப் போகிறேன் என்றார். வேண்டாம் மாமா என்று சொன்னது அவருக்கு வருத்தம். "சொந்த ஊருக்குக் கொடுக்க எனக்கு யாரும்மா அனுமதி தரணும்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளாமல் வெளிநாட்டில் இருந்து வரும் எதையும் ஏற்காதீர்கள்.

கண்மாய்க்குள் கால் வைக்குமுன் அது யாருடையது என்று பார்க்க வேண்டும். பொதுவாக ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள அ பதிவேட்டையும் எஃப்எம்பி என்ற புல வரைபடத்தையும் வாங்கினால் எல்லை தெரியும். வரைபடத்தில் இருக்கிற வரத்துக்கால் தரையில் இருக்காது. எங்கள் வரத்துக்காலில் ஒரு பகுதி தென்னந்தோப்பாகியிருந்தது, இன்னொரு இடத்தில் வீட்டுக்குப் போகிற பாதை. 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறதுதான். ஆனால் எல்லையை அளந்து கல் நடுவதும் ஆக்கிரமிப்பை எடுப்பதும் அரசு செய்ய வேண்டிய வேலை. அறக்கட்டளை கையில் எடுத்தால் கைகலப்பில்தான் முடியும். மேல்கண்மாய்க்காரர்கள் உபரிநீர் வெளியேறும் கலுங்கில் மணல்மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்குவார்கள், அதனால் கீழ்க்கண்மாய் நிறையாது. இதெல்லாம் வரைபடத்தில் வராது. இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசித்தான் ஆக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மரமும் அப்படித்தான். சீமைக்கருவேலமே ஆனாலும் கண்மாய் யாருடைய பொறுப்போ அவர்கள் ஏலம் விட்ட பிறகே வெட்டலாம். 2019-இல் நாங்கள் வேரோடு பிடுங்கியபோது யாரும் கேட்கவில்லை என்பது அதிர்ஷ்டம்.

வண்டல் மண்ணை விற்றுச் செலவை ஈடுகட்டலாமே என்று உங்களிடமும் ஒருவர் வந்து சொல்வார். அவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வண்டல் கனிமச் சட்டத்துக்குள் வருவது. விவசாயிக்கு நிலத்தில் போட இலவசமாகக் கிடைக்கும், நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு இருக்கிறது. 2024-இல் தாசில்தார் அளவிலேயே அனுமதி தரலாம் என்று ஆனதால் விவசாயிகளுக்கு அலைச்சல் குறைந்தது. ஆனால் அந்த அனுமதி விவசாயி பெயரில் இருக்க வேண்டும். அறக்கட்டளை லோடுக்கு இவ்வளவு என்று வாங்கினால் கனிமத் திருட்டு வழக்கும் வரும், வியாபார வரவு என்று வரித்துறையும் வரும். நாங்கள் எடுத்த மண்ணில் கரைக்கு ஆகிறது போக மிச்சத்தை அனுமதிச் சீட்டு வைத்திருந்த விவசாயிகளின் டிராக்டரில் ஏற்றிவிட்டோம். பலருக்கு இதில் வருத்தம், அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். மூன்று வருட அனுபவம் ஆனதும் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணத்துக்குப் போனோம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்குகிற அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு கம்பெனி 2024 பிப்ரவரியில் கூப்பிட்டது. நிதியாண்டு முடியப் போகிற நேரம்தான் அவர்களுக்கு நம் ஞாபகம் வரும், மார்ச்சுக்குள் கையெழுத்தாக வேண்டும் என்று விரட்டுவார்கள். நான் கொடுத்த மதிப்பீட்டில் மண் வேலைக்கு முன்னும் பின்னும் மட்டம் எடுக்கும் நில அளவை, தளத்தில் நிற்க ஒரு மேற்பார்வையாளர், பகுதி நேரக் கணக்காளர், இரண்டு வருடப் பராமரிப்பு எல்லாம் இருந்தன. அவர்களுடைய அதிகாரி நாலையும் அடித்துவிட்டார். "இதெல்லாம் நிர்வாகச் செலவு மேடம், 5 பர்சென்ட்டுக்கு மேல எங்களால தர முடியாது" என்றார். திட்டம் 22 லட்சத்தில் நின்றது. வரத்துக்கால், மடை, கரை, தூர்வாருதல், ஒரு பெரிய பெயர்ப்பலகை. பலகைக்கு மட்டும் அவர்களே தொகையைக் கூட்டிப் போட்டார்கள்.

அந்த 5 சதவீத வரம்பு பற்றி எனக்கு அப்போது யாரும் சொல்லாததை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். 2021-இல் திருத்திய சிஎஸ்ஆர் விதிகளில் நிர்வாகச் செலவு என்பது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. அதாவது மட்டம் எடுப்பதும் மேற்பார்வையாளர் சம்பளமும் திட்டச் செலவுதான். விதியின் அந்தப் பத்தியை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் கெட்டவர்கள் இல்லை, பாதிப் பேர் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

மார்ச் நடுவில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. புதிய வேலைக்கு அனுமதி தர முடியாது, நடத்தை விதி முடியட்டும் என்று கண்மாய்க்குப் பொறுப்பான துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-ஆம் தேதியே முடிந்தும், ஜூன் 4-இல் எண்ணி முடிக்கும் வரை எதுவும் நகரவில்லை. கண்மாய் காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்த இரண்டரை மாதம் வீண். நம் பக்கம் கண்மாய் வேலைக்கு மார்ச் முதல் செப்டம்பர் வரைதான் காலம். முதல் தவணை 8.8 லட்சத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, தினமும் வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜூன் கடைசியில் ஹிட்டாச்சி இறங்கியது. முதலில் வரத்துக்கால், பிறகு உள்வாய் என்று வரிசை வைத்தோம். தண்ணீர் வரும் வழி அடைபட்டிருக்கும்போது உள்ளே ஆழமாகத் தோண்டி என்ன பயன்? கரையடியில் தோண்டவே கூடாது, கரை பலவீனமாகிவிடும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகாது, நிலத்தடியில் ஊறுவதற்கும் மாட்டுக்கும்தான் ஆகும். கம்பெனிக்காரர்களுக்கு இதெல்லாம் ருசிக்கவில்லை. ஆழமாகத் தோண்டினால்தான் ட்ரோன் படத்தில் தெரியும் என்றார்கள்.

அப்புறம் எத்தனை கோடி லிட்டர் என்ற கணக்கு. ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் ஆழப்படுத்தினால் சுமார் 40 லட்சம் லிட்டர். நாங்கள் எடுத்த மண் ஏறக்குறைய 25,000 கன மீட்டர், அதாவது இரண்டரைக் கோடி லிட்டர். பலகையில் 10 கோடி என்று எழுத வேண்டும் என்றார்கள். வருடத்துக்கு நாலு தடவை நிறையும் என்று பெருக்கிவிட்டார்களாம்! எங்கள் வானம்பார்த்த கண்மாய் ஒரு தடவை நிறைந்தாலே ஊரில் பொங்கல் வைப்பார்கள்.

செப்டம்பர் கடைசியில் வேலை முடிந்தது. இரண்டாம் தவணையும் வந்துவிட்டது. மூன்றாவது தவணையான 4.4 லட்சத்துக்கு, துறையின் வேலை முடிவுச் சான்றும் கம்பெனி அமர்த்திய வெளி மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். மதிப்பீட்டாளர் தேதி தந்துகொண்டே இருந்தார். அதற்குள் அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. வரத்துக்காலைச் சுத்தம் செய்ததன் பலன், எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் பாய்ந்து வந்தது. ஊரே கரையில் நின்றது. நானும் நின்றேன், ஆனால் என் வயிற்றில் வேறு கலக்கம். தண்ணீருக்கடியில் போன பள்ளத்தை யார் அளப்பது? வந்தவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, வேலைக்கு முந்தைய மட்டமும் இல்லை, பிந்தைய மட்டமும் இல்லை, எடுத்த மண்ணின் அளவை உறுதி செய்ய முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். மதிப்பீட்டில் அவர்களே அடித்துவிட்ட அந்த நில அளவை இருந்திருந்தால் அதற்கு ஆகியிருக்கும் செலவு சில பத்தாயிரங்கள்.

ஒப்பந்தக்காரர் எங்கள் பக்கத்து ஊர்த் தம்பி. வண்டிக்குத் தவணை கட்ட வேண்டியவர். முதலில் "அக்கா, எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். தீபாவளிக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார், அவர் மனைவி கூப்பிட்டார். அந்தப் பெண் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உங்களை நம்பித்தான்கா அவரு மத்த வேலையை விட்டாரு" என்றார். அன்றைக்கு இரவு தூக்கம் இல்லை. கம்பெனிக்கு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பணிவான பதில்கள் வந்தன, பணம் வரவில்லை. வீட்டில் சொல்லிவிட்டு நகையை அடகு வைத்தேன். தம்பிக்குக் கொடுக்க வேண்டியதை ஒரு சதவீத டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மிச்சத்தை வங்கி வழியாகக் கொடுத்தேன். அந்த நேரத்திலும் டிடிஎஸ்ஸா என்று கேட்பீர்கள். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை அறக்கட்டளைக் கணக்கில் ஏற்க மாட்டார்கள், பட்ட காலிலேயே படும். அறக்கட்டளைக்குக் கடன் தந்ததாக அறங்காவலர் தீர்மானம் எழுதி வைக்காமல் சொந்தப் பணத்தைப் போடாதீர்கள் என்று ஆடிட்டர் சொன்னார், எழுதி வைத்தேன். பின்னால் பணம் வந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள அதுதான் ஆதாரம்.

2025 கோடையில் தண்ணீர் வற்றியதும் என் செலவிலேயே, 40,000 ரூபாய்க்கு, மட்டம் எடுத்தேன். டிராக்டர் நடைப் பதிவேடு, ஹிட்டாச்சி மணிக்கணக்கு, கரையில் கொட்டிய மண்ணின் அளவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 25,000-க்குப் பக்கத்தில் வந்தது. அறிக்கையோடு போனபோது, அதிகாரி மாறியிருந்தார். புதியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு அதிகம் வலித்தது. எங்கள் திட்டத்தை அவர்கள் இயக்குநர் குழுத் தீர்மானத்தில் ஒரு வருடத் திட்டமாகப் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட திட்டத்தில் மார்ச் 31 வரை செலவாகாத பணத்தைச் செப்டம்பருக்குள் சட்டம் சொல்லும் அரசு நிதி ஏதாவது ஒன்றில் கட்டிவிட வேண்டும். எங்கள் 4.4 லட்சம் அப்படிப் போய்விட்டது. பல வருடத் திட்டமாகப் போட்டிருந்தால், செலவாகாத பணம் தனி வங்கிக் கணக்கில் நமக்காகக் காத்திருக்கும். தொடங்கிய வருடத்தைத் தவிர்த்து மூன்று வருடம் வரை அவகாசம். மண் வேலை என்பது மழையையும் தேர்தலையும் நம்பி நடப்பது. எந்தக் கம்பெனியோடு கையெழுத்துப் போட்டாலும், பல வருடத் திட்டமாகத் தீர்மானம் போட்டிருக்கிறீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணை 20 சதவீதம் என்றால் 10 ஆகக் குறைக்கப் பேசுங்கள். மழை வந்து அளக்க முடியாமல் போனால் எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். ஒப்பந்தக்காரரோடு போடும் ஒப்பந்தத்திலும் அதே தவணை முறை இருக்கட்டும், அவருக்கும் ஆரம்பத்திலேயே நிலைமை தெரியும்.

மதுரையில் தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்துப் பல வருடமாக வேலை செய்கிறது. பேராவூரணிப் பக்கம் 2019-இல் விவசாயிகளே பணம் போட்டுப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். அவர்களைப் போல ஆயக்கட்டுதாரர்களிடமிருந்து தொடங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இந்த வருடம் எங்கள் கண்மாயில் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு சின்ன வரி பேசி முடித்திருக்கிறோம். பெரிய தொகை இல்லை. மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது புதிதாக முளைத்த சீமைக்கருவேலக் கன்றுகளைக் கையால் பிடுங்கவும், வரத்துக்காலில் சேரும் குப்பையை எடுக்கவும் அது போதும். இரண்டு வருடம் விட்டால் அந்தக் கன்றுக்கு மறுபடி ஜேசிபி தேவைப்படும். கம்பெனிகள் பிடுங்குகிற வேலைக்குப் பணம் தருவதில்லை, அதில் படம் எடுக்க ஒன்றுமில்லை.

கணக்காளர் சம்பளமும் ஆடிட்டர் கட்டணமும்தான் கடைசி வரை தலைவலி. எங்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் போல ஆகிறது. அதற்கு இப்போது மூலநிதி சேர்க்கிறோம். அது வங்கி வைப்பில் இருக்கும், வட்டியை மட்டும் எடுப்போம். இதற்குத் தருகிறவர்களிடம் பணத்தோடு ஒரு கடிதமும் வாங்க வேண்டும், இது மூலநிதிக்காகத் தரப்படுகிறது என்று அவர் கையெழுத்தில். கடிதம் இல்லாவிட்டால் அது அந்த வருடத்து வரவாகிவிடும், அதில் 85 சதவீதத்தைப் பொதுவாக அந்த வருடத்திலேயே செலவழித்தாக வேண்டும். கடித மாதிரியை ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையிலேயே அச்சடித்து வைத்திருக்கிறோம். நன்கொடை வாங்கப் போகிற பையன்கள் மறப்பதில்லை.